பியர்சனில் இறங்கியவன்

1992 ஜனவரியில் மூன்று நாடுகள் சுற்றி ரொறொன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். கையில் ஒரு பை. உடம்பில் சிங்கப்பூரில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர், அதை வைத்துக் கனடாக் குளிரைச் சமாளிக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். லெஸ்ரர் பி. பியர்சன் விமான நிலையம் என்று எழுதியிருந்தது. அந்த மனுசன் யார் என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை. பிறகும் கேட்கவில்லை. எங்கட சனத்துக்கு அது வெறும் 'பியர்சன்'. ஆட்களை ஏற்றப் போவதும் அங்கே, அழுது அனுப்பிவிடுவதும் அங்கே.

இருபத்துநாலு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு, புளோர் வீதியில் ஒரு பழைய ஐஸ் அரங்கின் மரவாங்கில், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "பியர்சன் இந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர்." நான் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, எந்தப் பியர்சன் என்று கேட்டேன். அவர் கையை விமானம்போல மேலே ஏற்றிக் காட்டினார்.

அந்த அரங்கின் பெயர் வார்சிற்றி அரீனா. அங்கே ஆடுவது ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஹொக்கி அணி, வார்சிற்றி புளூஸ். நான் அங்கே போனது ஹொக்கி பார்க்க இல்லை. மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வெள்ளி இரவுகளில் அரங்க வாசலில் ரிக்கற் பார்க்கும் பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. வேலை முடிய ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவுக்கு வரவேண்டும். முதல் இரண்டு கிழமை காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மூன்றாம் கிழமை அவளே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, ஏன் இதுக்குள்ள இருந்து பெற்றோலை எரிக்கிறியள்? உள்ள வந்து இருங்கோவன்."

உள்ளே போனால் அங்கே காரைவிடக் குளிர்.

நாலாயிரம் பேருக்கு மேல் இருக்கக்கூடிய இடம். அன்றைக்கு இருநூறு பேர் இருந்திருந்தால் அதிகம். வீரர்களின் தாய் தகப்பன்மார், சில காதலிகள், ஒரு கூட்டம் முதலாம் வருடப் பொடியள், கம்பளிப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு ஏழெட்டுக் கிழவர்கள். கூரையை அண்ணாந்து பார்த்தேன். இரும்புச் சட்டங்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே பாய்ச்சலாகப் போகின்றன, நடுவில் ஒரு தூண் இல்லை. 1926 டிசம்பரில் திறந்த கட்டடம் அது. அந்தக் காலத்து அரங்குகளில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள் கழுத்தை வளைத்து வளைத்துத்தான் ஆட்டம் பார்த்தார்கள். இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இப்போது பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த வெறும் வாங்குகள்தான் என்னை இழுத்தன என்று நினைக்கிறேன். ஹொக்கிக்காக வீட்டை அடகு வைக்கிற நகரம் இது. நகரின் தொழில்முறை அணியான மேப்பிள் லீஃப்ஸின் ஆட்டம் என்றால் கடைசி வரிசை ரிக்கற்றின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். அதே நகரத்தில், அதைவிடப் பழைய அணி, கைக்கெட்டும் விலையில் ஆடுகிறது, சனம் இல்லை. ஏன் என்று கிழவர்களைக் கேட்கத் தொடங்கினேன். பிறகு மகளின் நூலக அட்டையில் புத்தகம் எடுத்தேன். பிறகு வீட்டில் என்னைப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள்.

பியர்சனை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதலாம் உலகப்போருக்குப் பிறகு ஒக்ஸ்போர்ட் போய், அங்கே படித்த கனடாப் பொடியளோடு சேர்ந்து ஹொக்கி ஆடியவர். அந்த ஒக்ஸ்போர்ட் அணி சுவிற்சர்லாந்தில் வைத்துக் கேம்பிரிட்ஜை 27–0 என்று அடித்தது. எதிர் அணியின்மீது இரக்கம் வருகிற கணக்கு அது. அதே அணியில் ஆடிய இன்னொருவர் ரோலன்ட் மிச்னர். 1967இல் பியர்சன் பிரதமர், மிச்னர் ஆளுநர் நாயகம். ஒரு ஐஸ் தரையில் பக்கை, அந்தக் கறுத்த ரப்பர் வட்டை, ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்த இருவர் ஒரு நாட்டின் தலைமாட்டில் நின்றார்கள். திரும்பிவந்து ரொறொன்ரோவில் வரலாற்று விரிவுரையாளராக இருந்த 1920களில்தான் பியர்சன் புளூஸுக்குப் பயிற்சி கொடுத்தார். பகலில் வரலாறு, பின்னேரத்தில் விசில். பிறகு வெளிவிவகாரச் சேவைக்குப் போனார், 1957இல் சமாதான நோபல் பரிசு, 1963இல் பிரதமர். விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தது 1984இல். நான் வந்து இறங்குவதற்கு எட்டு வருடம் முந்தி.

ஆனால் அந்த விசிலை பியர்சனுக்கு முந்திக் கையில் வைத்திருந்தவர்தான் இந்தக் கதையின் நாயகன். வில்லன் என்றும் சொல்லலாம். கொன் ஸ்மைத்.

அணி தொடங்கியது 1891இல். அதற்கு முந்தியே மொன்றியலில் மக்கில் மாணவர்களும், கிங்ஸ்ரனில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தாரும் இராணுவக் கல்லூரியாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். குவீன்ஸும் இராணுவக் கல்லூரியும் 1886இல் மோதியதைத்தான் கனடாவின் பழைய பல்கலைக்கழகப் போட்டிகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆக ரொறொன்ரோ முதலாவது இல்லை. ஆனால் பின்வந்தவர்கள் பந்தியில் முந்திக்கொண்டார்கள். 1903இல் குவீன்ஸ் ஒரு கிண்ணம் கொடுத்தது, இன்றைக்கும் ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் அதற்காகத்தான் ஆடுகின்றன. அதை ரொறொன்ரோ வென்றது நாற்பது தடவையைத் தாண்டும்.

ஸ்மைத் பொறியியல் படிக்க வந்த சின்ன உருவம், பெரிய வாய். 1915 மார்ச்சில் அவர் தலைமையில் பல்கலைக்கழக ஜூனியர் அணி ஒன்ராறியோக் கிண்ணத்தை வென்றது. ஒரு கிழமை கழித்து அவரும் அணியின் மற்ற எட்டுப் பேரும் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு அணியே, கிண்ணத்தைத் துடைத்து வைத்த கையோடு, வரிசையாகப் போய்ப் பெயர் கொடுப்பதை எனக்கு வேறு ஊரில், வேறு வருடத்தில் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஸ்மைத் பீரங்கிப் படையில் இருந்து, பிறகு விமானப் படைக்கு மாறி, 1917இல் சுட்டு வீழ்த்தப்பட்டு, பதினாலு மாதம் ஜேர்மனியரிடம் கைதியாக இருந்தார். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து படித்து 1920இல் பட்டம் எடுத்தார். பிழைப்புக்கு மண்ணும் சல்லியும் ஏற்றி விற்கும் வியாபாரம். 1923இலிருந்து மாணவர் அணிக்குப் பயிற்சி. ஒவ்வொரு வருடமும் பொடியளை பொஸ்ரனுக்குக் கூட்டிப்போய் அங்கத்தைய கல்லூரிகளோடு ஆடவிடுவார். ஆட்டத்துக்கு முந்தியே பொஸ்ரன் பத்திரிகைக்காரரிடம் போய், உங்கட பிள்ளைகளுக்கு ஹொக்கி என்றால் என்ன என்று காட்ட வந்திருக்கிறோம் என்ற தோரணையில் அளப்பார். கோபத்தில் சனம் ரிக்கற் வாங்கும், அரங்கு நிறையும். பிறகு பொடியள் வென்றும் காட்டுவார்கள். அதைப் பார்த்த, பொஸ்ரன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை அணியின் முதலாளிதான் நியூயோர்க்காரருக்கு இவரின் பெயரைச் சொன்னது.

1926இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் என்ற புது அணிக்கு ஆள் சேர்க்கும் வேலை ஸ்மைத்துக்குக் கிடைத்தது. சேர்த்தார். முதல் ஆட்டத்துக்கு முந்தியே அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பொறுக்கி எடுத்த அணி 1928இல் தொழில்முறை ஹொக்கியின் உச்சமான ஸ்ரான்லி கிண்ணத்தை எடுத்தது என்பது வேறு கதை. கையில் வந்த பணத்தைப் பந்தயத்தில் போட்டு நாலு மடங்காக்கினேன் என்று அவரே பின்னாளில் சொல்லித் திரிந்தார், முதல் பந்தயம் தன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டத்தில் என்று. எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. ஆனால் 1927 பெப்ரவரியில் பத்தாயிரம் டொலர் தன் பங்காகப் போட்டு, இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ரொறொன்ரோ சென் பற்றிக்ஸ் என்ற நொந்துபோன தொழில்முறை அணியை 160,000 டொலருக்கு வாங்கியது நடந்தது. பெயரை மேப்பிள் லீஃப்ஸ் என்று மாற்றினார். பச்சையாக இருந்த உடுப்பு நீலமும் வெள்ளையும் ஆனது. நீலம் கனடாவின் வானம், வெள்ளை பனி என்று அவர் விளக்கம் சொன்னார். கிழவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அவர் ஆடிய, பயிற்சி கொடுத்த பல்கலைக்கழகத்தின் நீலமும் வெள்ளையும்தான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வானத்தைப் பார்த்து உடுப்புத் தைக்கிற ஆள் இல்லை ஸ்மைத்.

அதே 1926இல் படித்து முடித்த பழைய மாணவர்கள் பிரிய மனமில்லாமல் 'வார்சிற்றி கிராட்ஸ்' என்று ஒரு அணியாகச் சேர்ந்தார்கள். பயிற்சியாளர் ஸ்மைத். முதல் பருவத்திலேயே, 1927இல், அலன் கிண்ணம். கனடாவின் பணம் வாங்காத ஆட்டக்காரருக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. (1921இல் பல்கலைக்கழக அணியே அதை ஒருமுறை எடுத்திருந்தது.) அதை வென்றவர்களுக்கு 1928 ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடும் உரிமை. ஆனால் கப்பல் ஏறுமுன் சண்டை வந்துவிட்டது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று. பிளாக்ஸ்ரன் குடும்பத்தில் மட்டும் மூன்று பேர் அணியில் இருந்தார்கள். எங்கட ஊர்க் கழகங்களின் பொதுக்கூட்டத்துக்குப் போனவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. தான் சிலருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று ஸ்மைத் போகவே இல்லை.

அவர் இல்லாமலே, ஒலிம்பிக் நடந்த சென் மொரிற்ஸில் என்ன நடந்தது என்றால்: கனடாவை மற்ற நாடுகளோடு முதல் சுற்றில் ஆடவிடுவதே வீண் என்று நேரே கடைசிச் சுற்றுக்கு ஏற்றிவிட்டார்கள். சுவீடன் 11–0. பிரிட்டன் 14–0. சுவிற்சர்லாந்து 13–0. மூன்று ஆட்டம், முப்பத்தெட்டு கோல், வாங்கியது ஒன்றுமில்லை. ஹியூ பிளாக்ஸ்ரனும் டேவ் ட்றொற்றியேயும் ஆளுக்குப் பன்னிரண்டு கோல்.

தங்கத்தோடு வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று தேடினேன். அதுதான் என்னை இந்த அணியின் ஆளாக்கியது. ட்றொற்றியே தொழில்முறை ஆட்டக்காரனாகி, மொன்றியல் மரூன்ஸுக்கு ஆடி, 1935இல் ஸ்ரான்லி கிண்ணம் எடுத்தார். அது எதிர்பார்க்கக்கூடிய வழி. கோல் காத்த ஜோ சலிவன் டொக்டர், காது அறுவைச் சிகிச்சையில் பேரெடுத்தவர், 1957இல் செனற்றர். ஹியூ பிளாக்ஸ்ரன் சட்டத்தரணி, ஒரு குளிர்காலம் மட்டும் மரூன்ஸுக்கு எட்டிப்பார்த்துவிட்டு, 1935இல் ரொறொன்ரோவின் ரினிற்றித் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். லூ ஹட்சனும் டொக்டர். அவர்களில் பலருக்கு ஹொக்கி என்பது வாழ்க்கை தொடங்குவதற்கு முந்தி நன்றாகச் செய்துமுடித்த ஒரு காரியம்.

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வகுப்பு தொடங்கிய அன்று என் அப்பா என்னுடைய கிரிக்கெற் மட்டையை அலுமாரிக்கு மேலே வைத்தார். "சோதினை முடியட்டும், பிறகு எடுக்கலாம்." சோதினை முடிவதற்குள் வேறு என்னென்னவோ முடிந்துவிட்டது. மட்டை எங்கே போனதென்று தெரியாது. நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, பாடசாலையின் இரண்டாவது அணியில் ஏழாவதாக இறங்குபவன். சென்றலும் சென் ஜோன்சும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெற் ஆட்டத்தை மரத்தில் ஏறிப் பார்த்த கூட்டத்தில் ஒருவன். ஆனாலும் 'படிப்பா விளையாட்டா' என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று நம்பி வளர்ந்த ஒருவனுக்கு, அந்தக் கேள்வியையே கேட்காமல் நூறு வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு அணியைப் பார்ப்பது என்னவோ செய்தது.

இதை அழகாக்கி எழுதிவிடவும் விருப்பமில்லை. 1920களில் பணம் வாங்காமல் ஆட வேண்டுமென்றால் வீட்டில் பணம் இருக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்த பொடியனுக்கு ஹொக்கிதான் சம்பளம், அவனைப் பார்த்து இவன் காசுக்கு ஆடுகிறவன் என்று மூக்கைச் சுளிப்பது பல்கலைக்கழகத்தாருக்குச் சுலபமாக இருந்தது. என்னைப்போல ஒருவன் அந்தக் காலத்தில் அந்த வாசலில் ரிக்கற் கிழிக்கவும் நின்றிருப்பானோ தெரியாது.

நடுவில் வந்த ஒரு பயிற்சியாளரைச் சொல்லாமல் விட முடியாது. ஏஸ் பெய்லி லீஃப்ஸின் நட்சத்திரம். 1933 டிசம்பர் 12, பொஸ்ரனில் ஆடிக்கொண்டிருக்கையில் எதிரணியின் எடி ஷோர் பின்னாலிருந்து வந்து மோதித் தூக்கி எறிந்தார். பெய்லியின் தலை நேரே ஐஸில் அடிபட்டது. அப்போது அநேகமாக ஒருவரும் ஹெல்மெற் போடுவதில்லை. மண்டையோடு வெடித்து, மூளையில் இரண்டு அறுவைச் சிகிச்சை. சாவீட்டுக்கு ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று கிழவர் சொன்னார். பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, 1934 பெப்ரவரி 14, அவருக்குப் பணம் சேர்க்க லீஃப்ஸ் ஒரு பக்கமும் மற்ற அணிகளிலிருந்து தெரிந்தெடுத்தவர்கள் மறுபக்கமும் ஆடினார்கள். அந்த மறுபக்கத்தில் ஷோரும் இருந்தார். ஆட்டத்துக்கு முந்தி பெய்லி அவருக்குக் கை கொடுத்தார். முழு அரங்கும் எழும்பி நின்று கத்தியதாம்.

அதோடு அந்தக் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் பெய்லிக்கு அப்போது முப்பது வயது, இனி ஆட முடியாது, மிச்ச வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது. 1935இல் வார்சிற்றி அரீனாவுக்கு வந்தார். நடுவில் உலகப்போர் வந்த வருடங்களை விட்டுப் பார்த்தால் 1949 வரைக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மோதலில் வீணாய்ப்போன ஒருவர், நாளைக்கு டொக்டராகவும் எஞ்சினியராகவும் போகப்போகிற பொடியளைப் பார்த்து எப்படி மோதுவது, எப்படி விலகுவது என்று சொல்லிக்கொடுத்திருப்பார். அந்த வாங்கில் இருந்து ஐஸைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கேட்க ஆசையாக இருக்கும்.

1965இல் ரொம் வற் வந்தார். இங்கே எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது.

1992இல் வந்த மூன்றாம் கிழமையே ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கழுவும் தொட்டிக்கு மேலே, கொழுப்புப் படிந்த ஒரு சின்ன ரீவி. அதில் எந்நேரமும் ஹொக்கி. சமையல்காரன் போர்த்துக்கேயன், லீஃப்ஸ் பைத்தியம். அந்தப் பருவம் லீஃப்ஸுக்குத் தோல்விக்குமேல் தோல்வி. ஒவ்வொரு கோல் வாங்கும்போதும் அவன் ரீவியைப் பார்த்து "வற்! வற்!" என்று கத்துவான். ஆங்கிலத்தில் 'என்ன, என்ன' என்று கேட்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். சட்டியைக் கேட்கிறானோ என்று ஒருநாள் ஓடிப்போய் ஒரு சட்டியைக் கொடுத்தும் இருக்கிறேன். அது அப்போது லீஃப்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்தவரின் பெயர் என்று தெரிய இருபத்துநாலு வருடம் எடுத்தது. வாங்கில் இருந்து கிழவரின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "வற்" என்றார் அவர், எனக்குக் கையில் சவர்க்கார நுரை நினைவு வந்தது. ஆக, கனடாவில் நான் முதன்முதல் வாசித்த பெயரும் முதன்முதல் காதில் விழுந்த பெயரும் இந்த அணியின் பழைய பயிற்சியாளர்களுடையவை.

குசினியில் திட்டு வாங்கிய அதே வற்தான் இங்கே கடவுள். பதினாலு பருவம், ஒன்பது தேசியக் கிண்ணம். அந்தத் தேசியக் கிண்ணமே புதுசு: குவீன்ஸும் இராணுவக் கல்லூரியும் தங்கள் பழைய மோதலின் நினைவாகக் கொடுத்தது, முதல் போட்டி 1963இல். மூன்று வருடம் மற்றவர்கள் எடுத்தார்கள். 1966, 67 ரொறொன்ரோ. 68 ஆல்பெர்ட்டா. 69இலிருந்து 73 வரை விட்டுக்கொடுக்கவே இல்லை, ஐந்து வருடம் தொடர்ந்து. பிறகு 76, 77. அந்தக் காலத்தில் ஆட்டம் இருக்கிற இரவில் புளோர் வீதி வரைக்கும் வரிசை நின்றது என்கிறார்கள் கிழவர்கள். கிழவர்கள் சொல்லும் வரிசையில் பாதியைக் கழித்துவிட்டாலும் என் இருநூறைவிட நிறைய வரும்.

எதிரில் நின்றவர் ஆல்பெர்ட்டாவின் கிளேர் டிரேக். மேற்கில் அவர், கிழக்கில் இவர். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்குக்குக் கனடா அணி அனுப்பியபோது, டிரேக்கையும் வற்றையும் லோர்ன் டேவிஸ் என்ற மூன்றாமவரோடு சேர்த்து ஒரே வாங்கில் பயிற்சியாளர்களாக நிற்க வைத்தார்கள். தலைவராக இருந்தது டிரேக்கிடம் ஆடிய ராண்டி கிரெக், மருத்துவம் படித்தவர். பதக்கம் கிடைக்கவில்லை, ஆறாவது இடம். வற் தொழில்முறைக்குப் போய், வின்னிபெக்கில் 1982இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது எடுத்தார். புளூஸுக்குப் பத்தாவது தேசியக் கிண்ணம் 1984இல் வந்தது, மைக் கீனன் ஒரே ஒரு பருவம் பயிற்சி கொடுத்துவிட்டு பிலடெல்பியாவுக்கு ஓடிய வருடம். பத்து வருடம் கழித்து அவரும் ரேஞ்சர்ஸுடன் ஸ்ரான்லி கிண்ணம் எடுத்தார். பதினோராவது தேசியக் கிண்ணத்துக்குக் கிழவர்கள் இன்னும் போர்வையோடு காத்திருக்கிறார்கள்.

வாங்குகள் ஏன் வெறுமையானது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ரீவி, பார்க்கிங், மாணவர்களுக்கு ஹொக்கி தெரியாது. (இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிறகு வேறு பக்கம் பார்ப்பார்கள்.) எனக்கு விளங்கிய காரணம் வேறு. கனடாவில் கெட்டிக்காரப் பொடியனைப் பதினாறு வயதில் ஜூனியர் லீக் தூக்கிக்கொண்டு போய்விடும். இருபது வயதுவரை அங்கே ஆடுவான். அங்கிருந்து நேரே தொழில்முறைக்குப் போகிறவன் போவான். மிச்சம் இருப்பவனுக்கு, ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை லீக் கொடுக்கும். அந்தப் பணத்தோடுதான் அவன் பல்கலைக்கழக வாசலுக்கு வருகிறான். அமெரிக்காவில் கல்லூரி ஹொக்கி மேலே ஏறும் ஏணி. வடக்கு டகோட்டாவில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் பதினோராயிரம் பேருக்கு மேல் இருக்கலாம். இங்கே பல்கலைக்கழகம் ஏணியிலிருந்து இறங்கியவன் வந்து நிற்கும் இடம். இறங்கியவனைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்?

ஆனால் ஆட்டம் மோசம் என்று நினைக்கவேண்டாம். எதிரே இருபத்துநாலு வயது ஆம்பிளைகள், பதினெட்டு வயதுப் பொடியள் இல்லை. வேகம் கண்ணுக்குப் பிடிபட எனக்கு ஒரு பருவம் எடுத்தது. கையால் அடித்துச் சண்டை பிடித்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுவார்கள், தொழில்முறையில்போல ஐந்து நிமிடம் பெட்டிக்குள் இருந்துவிட்டுத் திரும்பிவர முடியாது. அதனால் சண்டைக்கென்று ஆள் வைத்திருக்கத் தேவையில்லை, நாலாவது வரிசைப் பொடியனுக்கும் ஆடத் தெரிந்திருக்கும். மகளின் உடற்றொழிலியல் வகுப்பில் ஒரு பின்கள ஆட்டக்காரன் இருந்தான். வெள்ளி இரவு கிங்ஸ்ரனில் ஆட்டம், சனி ஒட்டாவாவில், பஸ்ஸிலே திரும்பி ஞாயிறு விடிய வந்து, திங்கள் காலை பரீட்சை. "அவன் என்ன மார்க்ஸ் எடுத்தவன்?" என்று கேட்டேன். எந்தத் தமிழ்த் தகப்பனும் அதைத்தான் கேட்பான். "என்னைவிடக் கூட" என்றாள், பெரிய சந்தோசம் இல்லாமல்.

இப்போது அந்த ஒழுங்கும் குலைகிறது. கனடா ஜூனியர் லீக்கில் ஆடியவன் அமெரிக்கக் கல்லூரிக்குப் போக முடியாது என்று நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. 2024 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், 2025 ஆகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு காலம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த நல்ல ஆட்டக்காரர்களுக்கு இனித் தெற்கே ஒரு கதவு. கிழவர்களில் ஒருவர், முன்னாள் பல்மருத்துவர், இது முடிவு என்கிறார். போர்வையைப் பகிர்ந்துகொள்ளும் அவருடைய சிநேகிதர், 1930களிலும் இதையேதான் சொன்னார்களாம் என்கிறார். இருவரும் அடுத்த ஆட்டத்துக்கும் வருவார்கள்.

மகள் படித்து முடித்து இப்போது நகரின் நடுவில் ஒரு மருந்தகத்தில் வேலை. எனக்குக் காரணமே இல்லை, ஆனாலும் மாதத்தில் ஒரு வெள்ளி போய்விடுகிறேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் அவளே அழைத்தாள். புளூஸ் எதிரணியின் அரங்கில் ஆடுகிறார்கள், ரொறொன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தோடு, நீங்கள் அந்த இடத்தைப் பார்க்கவேணும் என்று. கார்ல்ரன் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் மூலை. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்.

1931இல் ஸ்மைத் கட்டிய கோட்டை அது. பெரும் பொருளாதார மந்தத்தில், கையில் காசு போதாமல், கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்குப் பத்திரமாகக் கொடுத்துக் கட்டினார். பெய்லி ஷோருக்குக் கை கொடுத்தது இங்கேதான். என் போர்த்துக்கேயன் கத்தியதும் இங்கே நடந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான். 1999இல் லீஃப்ஸ் புது அரங்குக்குப் போனார்கள். பிறகு பல வருடம் பெரிதாக ஒன்றும் நடக்காமல் கிடந்தது. பிறகு கீழ்த்தளத்தை ஒரு பலசரக்கு அங்காடி எடுத்துக்கொண்டது. மேலே, மூன்றாவது தளத்தில், பழைய கூரைக்குக் கீழே, 2012இலிருந்து ஐஸ். மாணவர்களின் ஐஸ். ஸ்மைத் மாணவர் அணியைவிட்டுப் போய்த் தொழில்முறைக்குக் கட்டிய மாளிகையில் இன்றைக்கு ஆடுவது மாணவர் அணிகள்.

மகள் வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிட்டாள். ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. வீட்டிலிருந்து மனிசி போனில், அங்கே நிற்கிறியள்தானே, பாலும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு வாங்கோ என்றாள். வாங்கினோம். அங்காடியின் இருபத்தைந்தாம் வரிசையில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கீழ பாருங்கோ."

தரையில் ஒரு சிவப்பு வட்டம், சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு மனுசி தள்ளுவண்டியோடு "எக்ஸ்கியூஸ் மீ" என்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"பழைய ஐஸின்ர நடு இதுதான், அப்பா. முதல் பக் போடுற இடம்."

நான் கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றேன். பிறகு கையில் இருந்த பையைப் பார்த்தேன். கார் நாலு தெரு தள்ளி நிற்கிறது, ஆட்டம் முடிய இரண்டரை மணித்தியாலம் ஆகும்.

"இந்தப் பாலை என்ன செய்யிறது?"

"மேல கொண்டு வாங்கோ," என்றாள். "அங்க குளிர்தானே."